பித்தக்குழாய் வெட்டும் பழைய தழும்பும்

மாரி தொடங்கினால் வாட்டில் காய்ச்சல்காரருக்குக் கட்டில் போதாது. டெங்குவா எலிக்காய்ச்சலா என்றுதான் யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் முதல் யோசனை போகும். வடமராட்சியிலிருந்து வந்த அந்த அம்மாவின் வீட்டிலும் அப்படித்தான். மூன்று நாளாய்க் குலைப்பன் காய்ச்சல், கண்ணும் மஞ்சள். வயலுக்குப் போய்வருகிறவர், ஆகவே எலிக்காய்ச்சல் என்று முடிவே கட்டிவிட்டார்கள். எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும் என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

"முந்தி ஏதும் ஒப்பரேசன் செய்தனீங்களோ அம்மா?"

"இல்லை டொக்டர்."

வயிற்றைச் சோதிக்கும்போது வலது விலாவுக்குக் கீழே சாய்வாக ஒரு நீளத் தழும்பு.

"ஓ, அதோ? அது பதினொரு வருசத்துக்கு முந்தின கதை. அது சுகம் வந்திட்டுது."

சுகம் வந்தது உண்மைதான். பித்தப்பைக் கல்லுக்குச் சத்திரசிகிச்சை செய்தபோது பித்தக்குழாய் காயப்பட்டு, பிறகு திருத்தியிருக்கிறார்கள். கமரா வழியாகப் பித்தப்பையை எடுக்கும் ஆயிரம் பேரில் மூன்று நாலு பேருக்கு இது நேரலாம். காயம் ஆறும்போது குழாய் சுருங்கும். அப்போது சிறுகுடலை மேலே கொண்டுபோய், ஈரலிலிருந்து வரும் குழாயோடு தைத்துவிடுவோம். பிறவியிலேயே குழாய் பைபோல வீங்கியவர்களுக்கும், வீங்கிய பகுதியை அகற்றியபின் இதே தையல்தான். பழகிய கை செய்தால் பத்தில் எட்டு ஒன்பது பேர் நீண்டகாலம் நன்றாகவே இருப்பார்கள்.

மிச்சப் பேருக்குத்தான் இதை எழுதுகிறேன். குடலும் குழாயும் சேரும் அந்தத் தையல் வாய் சிறியதுதான். தழும்பு இறுகினால் அதுவும் ஒடுங்கும். ஒடுங்குவதில் பெரும்பங்கு முதல் 2, 3 வருடங்களிலேயே தெரிந்துவிடும். சிலருக்குப் பத்து வருடம் கழித்தும் வரும். வலி இருக்கவேண்டும் என்றில்லை. உடம்பு அரிக்கும், முக்கியமாக இரவில். கண் மஞ்சளாகும் முன்னரே இரத்தப் பரிசோதனையில் அல்கலைன் பொஸ்பட்டேஸ் என்ற ஈரல் நொதியம் ஏறத் தொடங்கலாம். தேங்கிய பித்தத்தில் கிருமி சேர்ந்தால் குளிரும் நடுக்கமுமாய்க் காய்ச்சல் அடிக்கும். பனடோல் போட இறங்கும், திரும்ப வரும். கவனிக்காமல் விட்டால் ஈரலுக்குள் கல் சேரும், கடைசியில் ஈரலே சுருங்கிப்போகும். பிறவி வீக்கத்துக்கு வெட்டியவர்களில் சிலருக்குப் பல வருடம் கழித்து, மிஞ்சிய குழாயில் புற்றுநோயும் வரலாம். அவர்களுக்குக் கிளினிக் ஆயுளுக்கும் உண்டு.

செங்கமாரி என்றதும் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடிப்பது எங்கள் ஊர் வழக்கம். வைரஸால் வந்த செங்கமாரி பெரும்பாலும் தானாகவே மாறிவிடும், நற்பெயர் கீழ்க்காய்நெல்லிக்குப் போகும். ஒடுங்கிய குழாயை எந்த இலையும் விரிக்காது. அதைக் குடித்துக்கொண்டிருக்கும் நாட்களில் கிருமி இரத்தத்துக்குள் போய்விடும் என்பதுதான் என் பயம்.

அந்த அம்மாவுக்கு உடனே அன்ரிபயோட்டிக் ஏற்றினோம். குடலை மாற்றித் தைத்திருப்பதால் வாய்வழிக் குழாய் விட்டு அந்த இடத்தை அடைவது கடினம். தோல்வழியாக ஈரலுக்குள் குழாய் விட்டு, பலூனால் தையல் வாயை விரிக்கவேண்டி வந்தது. சரிவராவிட்டால் திரும்பவும் தைக்கவேண்டும்.

அடுத்தநாள் மகன், வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த பழைய டயக்னோசிஸ் காட்டைக் கொண்டுவந்தார். பொலித்தீன் பைக்குள் பத்திரமாக அலுமாரியில் இருந்திருக்கிறது. பின்பக்கத்தில் கிளினிக் திகதிகள், மூன்றாம் வருடம் வரைக்கும்.

"பிறகு ஏன் வரேல்லை அம்மா?"

"மகளின்ர கலியாண அலுவல் டொக்டர். எனக்கு ஒண்டும் செய்யவுமில்லை."

உங்கள் வீட்டிலும் அப்படியொரு காட் இருந்தால், இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். காய்ச்சலென்று எங்கே போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.