தெல்: ஊரின் மேல் ஊர் ஏறிய மேடு

விவிலியத்தில் யோசுவாவின் புத்தகம், 11ஆம் அதிகாரம், 13ஆம் வசனம். வடக்கே ஆத்சோர் நகரம் தீக்கிரையாகிறது. மற்ற நகரங்களை இஸ்ரவேலர் எரிக்கவில்லை. எரியாமல் தப்பிய அந்த நகரங்களை எபிரேய மூலம் 'தங்கள் தெல்லின்மேல் நிற்பவை' என்று சொல்கிறது. 1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்தத் 'தெல்' காணாமல் போய்விட்டது. 'தங்கள் வலிமையில் நிலைத்து நின்ற நகரங்கள்' என்று அங்கே பொருள் கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த மேடுகளை முறையாக வெட்டிப் பார்க்கும் காலம் வர இன்னும் 250 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

தெல் என்பது மனிதர் வாழ்ந்து வாழ்ந்தே உயர்ந்த மேடு. மேற்காசியாவின் பழைய வீடுகள் பெரும்பாலும் சுடாத மண்கல்லால் கட்டப்பட்டவை. மழையும் வெயிலும் அவற்றைச் சில பத்தாண்டுகளில் தளர்த்திவிடும். சுவர் விழுந்தால் யாரும் மண்ணை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதில்லை; நிரவிவிட்டு அதன்மேலேயே புது வீடு எழுப்புவார்கள். அடுப்புச் சாம்பல், உடைந்த பானை, எலும்பு, குப்பை எல்லாம் சேர்ந்து தரை ஏறிக்கொண்டே போகும். நீரூற்று பக்கத்திலேயே இருப்பதால் ஊரை விட்டுப் போகவும் மனம் வராது. சுற்றிலும் மதில் இருந்தால் சரியும் மண்ணை அது தாங்கிப் பிடிக்கும். இப்படிப் பல நூற்றாண்டுகள் கடந்தால் சமவெளியின் நடுவே, உச்சி தட்டையாக, பக்கங்கள் செங்குத்தாக ஒரு மேடு நிற்கும். தூரத்திலிருந்து பார்ப்பவர் அதைக் குன்று என்றே நினைப்பார். தமிழில் சிலர் 'குன்று' என்று எழுதுவதும் இந்தத் தோற்றத்தை நம்பித்தான். ஆனால் குன்று இயற்கை எழுப்பியது. தெல் கையால் ஆனது.

சொல் மிகப் பழையது. பழைய மெசொப்பொத்தாமியாவின் அக்காதிய மொழியில் 'தில்லு', எபிரேயத்தில் 'தெல்', அரபியில் 'தல்' (பேச்சில் 'தெல்'). மூன்றும் ஒரே செமித்தியக் குடும்பத்துச் சொற்கள். அசீரிய அரசர்கள் பகைவரின் நகரங்களை 'தில் அபூபி' ஆக்கினோம் என்று கல்வெட்டுகளில் பெருமை பேசினார்கள். வெள்ளப் பேரழிவு விட்டுப்போன மேடு என்று பொருள். பாரசீகத்தில் 'தெப்பே', துருக்கியில் 'ஹொயுக்' என்பவை இதே பொருளுக்கு வேறு வேரிலிருந்து வந்த சொற்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 'தெல்' என்ற ஒலியைக் கேட்டவுடன் நம்முடைய 'தொல்' நினைவுக்கு வரும். ஆபிரகாமின் பிறந்த இடமாகச் சொல்லப்படும் 'ஊர்' என்ற நகரப் பெயரைக் கேட்டால் உடனே உறவு கொண்டாடத் தோன்றும். ஒலி ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது. தமிழின் பழைமைக்குக் கீழடியும் ஆதிச்சநல்லூரும் உண்மையான சான்று தரும்போது, இத்தகைய ஒலிப்பொருத்தங்களைத் தூக்கிப்பிடித்து அதை மலிவாக்கக் கூடாது.

மேட்டை எப்படிப் படிப்பது என்பதை 1890இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி, பாலஸ்தீனத்தின் 'தெல் எல்-ஹெசி' என்ற இடத்தில் காட்டினார். அங்கே ஓடை ஒன்று மேட்டின் ஒரு பக்கத்தை அரித்திருந்தது. வெட்டுண்ட பக்கத்தில் அடுக்கடுக்காக மண் தெரிந்தது. ஒவ்வோர் அடுக்கிலும் பானை ஓடுகள் மாறிக்கொண்டே வந்தன. எந்த ஓடு எந்த அடுக்குக்கு உரியது என்று தெரிந்துவிட்டால், எழுத்தே கிடைக்காத இடத்திலும் காலத்தின் வரிசை கிடைத்துவிடும். இன்றுவரை தொல்லியலாளர்கள் பானை ஓட்டை விடாமல் பொறுக்குவது இதனால்தான்.

யோசுவாவின் முன் மதில் இடிந்து விழுந்ததாக விவிலியம் சொல்லும் நகரம் எரிகோ. அதன் மேட்டுக்கு அரபியில் 'தெல் எஸ்-சுல்தான்' என்று பெயர். உயரம் சுமார் 21 மீட்டர். 1930களில் அங்கே அகழ்ந்த ஜான் கார்ஸ்டாங், இடிந்த மதிலொன்றைக் கண்டு, அது யோசுவாவின் காலத்தில் விழுந்தது என்று அறிவித்தார். 1952 முதல் 1958 வரை அதே மேட்டை மீண்டும் அகழ்ந்த காத்லீன் கெனியன், அந்த மதில் அதைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது என்று மண்ணடுக்கைக் கொண்டு காட்டினார். வேத நூலின் வரிக்கு மண்ணில் நேரடிச் சான்று தேடியவர்களுக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் அதே அகழாய்வு, யாரும் கனவிலும் எதிர்பாராத ஒன்றைக் கொடுத்தது: கி.மு. 8000 அளவில் கல்லால் எழுப்பிய, எட்டரை மீட்டர் உயரக் கோபுரம். மட்பாண்டம் செய்யவே அறியாத மக்கள் கட்டியது அது.

கெனியன் கையாண்ட முறையோடு நமக்கு நேரான தொடர்பு உண்டு. சதுரச் சதுரமாகக் குழி வெட்டி, இடையே மண்சுவர்களை விட்டுவைத்து, அச்சுவர்களில் அடுக்குகளைப் படிக்கும் அந்த முறையை அவர் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலரிடம் கற்றார். அந்த வீலர் 1945இல் புதுச்சேரிக்கு அருகே அகழ்ந்த இடத்தின் பெயர் அரிக்கமேடு. பெயரிலேயே மேடு இருப்பதைக் கவனியுங்கள்.

ஆகவே தமிழில் எதைச் சொல்வது? பழைய தமிழ் விவிலியம் 'மண்மேடு' என்கிறது. யோசுவா 8:28இல் ஆயி என்ற நகரம் என்றைக்கும் பாழான மண்மேடாகிறது. அங்கே சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. (ஆயி என்ற பெயருக்கே இடிபாடு என்றுதான் பொருள் கொள்கிறார்கள், அறிஞர் பலர் அந்நகரமாகக் கருதும் இடத்தை அரபியில் 'எத்-தெல்', அதாவது 'அந்த மேடு' என்கிறார்கள்.) ஆனால் 11:13இல் தெல்லின்மேல் நிற்பவை உயிரோடிருந்த நகரங்கள். எரேமியா 30:18, நகரம் தன் தெல்லின்மேலேயே திரும்பக் கட்டப்படும் என்று வாக்களிக்கிறது. கீழே பாழ், மேலே வாழ்வு. இரண்டையும் சேர்த்துச் சொல்வது இந்தச் சொல். 'பாழ்மேடு' என்று பெயர்த்தால் பாதிதான் வரும்.

'திடல்' நல்ல சொல். கீழடியில் அகழாய்வு நடந்த இடமே பள்ளிச்சந்தைத் திடல்தான். என்றாலும் இன்றைய வாசகருக்குத் திடல் என்றால் விளையாட்டு மைதானம். 'நத்தம்' குடியிருப்பு நிலத்தைக் குறிக்கும். உயரம் அதில் இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே சோழர் அரண்மனை புதைந்து கிடந்த இடத்தை மக்கள் மாளிகைமேடு என்று அழைத்தார்கள். எது புதைந்திருக்கிறதோ அதன் பெயரோடு மேட்டைச் சேர்ப்பது நம் மக்களின் வழக்கம். அதே வழியில் தெல்லை 'ஊர்மேடு' என்று சொல்லலாம் என்பது என் துணிபு. ஊர் புதைந்த மேடு, ஊர் அமர்ந்த மேடு என்ற இரு பொருளையும் அது தாங்கும்.

இடப்பெயராக வரும்போது மட்டும் மூலச் சொல்லை அப்படியே விட்டுவிட வேண்டும்: தெல் எஸ்-சுல்தான், தெல் எல்-ஹெசி. அங்கே 'தெல் மேடு' என்று எழுதினால் மேட்டை இரண்டு முறை சொன்னதாகிவிடும். பொதுச்சொல்லாக வரும் இடத்தில், 'எரிகோவின் ஊர்மேடு' என்றே எழுதலாம்.