மெசேஜ் கதையும் செய்தியும்

கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் கதை படிக்கிற நாலு பேர் கூடினால் "இது மெசேஜ் கதைங்க" என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். ஒரு கருத்தைச் சொல்லவே எழுதிய கதை என்று அர்த்தம். அப்படிச் சொல்லப்படும் கதையில் பெரும்பாலும் ஒரு கறுத்த பெண்ணோ தோட்டத் தொழிலாளியோ இருப்பார்.

மெசேஜ், 'அனுப்பு' என்று பொருள்படும் லத்தீன் வினையில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். நாம் அதற்குச் செய்தி என்கிறோம். ஆனால் செய்தியின் வேர் 'செய்'. செயல் என்பதுதான் அதன் பழைய பொருள். தொல்காப்பிய அகத்திணையியல், ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை போன்ற கருப்பொருள்களை அடுக்கும்போது "தெய்வம் உணாவே மாமரம் புட்பறை செய்தி" என்கிறது. இங்கே செய்தி என்றால் அந்த நிலத்து மக்களின் தொழில். உழுவதும் மீன் பிடிப்பதும் செய்தி. செய்ததைப் பற்றிச் சொல்வதும் அப்புறம் செய்தி ஆகிவிட்டது.

பழைய பொருளைத் தேடி நாங்கள் ரொம்ப தூரம் போக வேண்டாம். பாலக்காட்டுப் பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் விரிக்கும் மலையாளப் பத்திரிகையில் 'செய்திகள்' என்று வந்தால், அது ஒருவருடைய செயல்களைக் குறிக்கும், அதிலும் தகாத செயல்களை. நாம் சொல்லும் செய்திக்கு அங்கே 'வார்த்த', மெசேஜுக்கு 'சந்தேசம்'.

கதையில் வருபவரின் நிறம், சோறு, தொழில் எல்லாம் கருப்பொருள்தான். தொழில் என்ற அந்தப் பழைய செய்தியை நாம் மெசேஜ் என்ற புதிய செய்தியாக எடுத்துக்கொள்கிறோம். மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கும் தமிழ்ப் பெண் காதலித்தால் அதில் மெசேஜ் தேடுகிறோம். வாத்தியார் வீட்டுப் பெண் காதலித்தால் அது வெறும் காதல் கதை. நிறம் சொல்லாமல் விட்ட நாயகிக்கு நாமே சிவப்பு நிறம் கொடுத்துவிடுகிறோம். எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது.

நிறம் சொல்லியிருந்தாலும் இது நடக்கிறது. அமெரிக்காவில் 2008-ல் வந்த 'த ஹங்கர் கேம்ஸ்' நாவலில் ரூ என்ற சிறுமியின் தோல் கரும்பழுப்பு என்று எழுதியே இருக்கிறது. 2012-ல் படம் வந்தபோது, அந்த வேடத்தில் கறுப்பினச் சிறுமியைப் பார்த்து, நாவலைப் படித்திருந்தவர்களிலேயே சிலர் கோபப்பட்டார்கள். எழுதிய நிறம் அவர்கள் கண்ணில் படவே இல்லை.

சரி, மெசேஜ் கதைக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ஒரு கருத்தைப் பரப்பவே எழுதிய கதையைப் பரப்புரைக் கதை என்பது பொருத்தம். பிரச்சாரக் கதை என்று சொல்லிப் பழகியவர்களுக்கும் பொருள் உடனே புரியும். பரப்புரைக் கதை எழுதுவதில் இழிவு ஒன்றுமில்லை, அதிலும் நல்ல கதைகள் உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சூட்டுமுன் கதை நடக்கிற விதத்தைப் பாருங்கள். எல்லாச் சம்பவமும் ஒரே முடிவை நோக்கித் தள்ளப்படுகிறதா? மறுத்துப் பேசுகிறவருக்குக் கதையில் இடம் இருக்கிறதா? நாயகியின் நிறத்தை மாற்றிப் படித்தாலும் அதே பெயரைச் சூட்டுவீர்களா?