காளையோடு பிறந்த கிடேரிக் கன்று

பசு இரட்டைக் கன்று போட்டால் ஒரு விஷயத்தை மட்டும் அன்றைக்கே குறித்து வையுங்கள்: இரண்டும் கிடேரியா, இரண்டும் காளையா, இல்லை ஒரு காளை ஒரு கிடேரியா? முதல் இரண்டில் கவலை இல்லை. மூன்றாவதாக இருந்தால், அந்தக் கிடேரி பெரும்பாலும் மலடு. பத்தில் ஒன்பதுக்கு மேல் அப்படித்தான். இப்படிப்பட்ட கிடேரிக்குக் கால்நடை மருத்துவத்தில் 'ப்ரீமார்ட்டின்' என்று பெயர்.

கால்நடை மருத்துவர்களான எங்களிடம் இவை வந்து சேர்வது பெரும்பாலும் இரண்டு வயதுக்குப் பிறகு. "பருவத்துக்கே வரல சார்" என்பார்கள். அதற்குள் குடற்புழு மருந்து, தாது உப்பு, ஹார்மோன் ஊசி எல்லாம் முடிந்திருக்கும். கை விட்டுப் பார்த்தால் கருப்பை இருக்க வேண்டிய இடத்தில் நூல் மாதிரி ஏதோ தட்டுப்படும், சிலவற்றில் அதுவும் இருக்காது. கூடப் பிறந்தது ஏதாவது உண்டா என்று நாமாகக் கேட்டால்தான், "ஆமா, ஒரு காளைக்கன்னு, அதை அப்பவே கொடுத்துட்டோம்" என்று பதில் வரும்.

காரணம் கருவிலேயே இருக்கிறது. மாட்டில் இரட்டைக் கருக்களின் சவ்வுகள் சினையான 30, 40 நாளிலேயே ஒட்டி, ரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். ஆண் கருவில் விரைகள் முந்தி உருவாகின்றன. அவை சுரக்கும் ஹார்மோன், ஆண் கருவில் கருப்பை வளராமல் தடுப்பதற்கானது. அது ரத்தத்தோடு பெண் கருவுக்கும் போய், அங்கும் அதே வேலையைச் செய்துவிடுகிறது. சினைப்பையும் சரியாக வளராது. உறுப்பே இல்லாதபோது ஊசியால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

1779-லேயே லண்டனில் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் இந்த மாடுகளை அறுத்துப் பார்த்து எழுதினார். ரத்தக் குழாய் இணைப்புதான் காரணம் என்று 1916-இல் சிகாகோவின் விலங்கியலாளர் ஃபிராங்க் லில்லி விளக்கினார். 1945-இல் அமெரிக்க மரபியலாளர் ரே ஓவன், இரட்டைக் கன்றுகளின் உடம்பில் ஒன்றின் ரத்த அணுக்கள் மற்றதில் ஒதுக்கப்படாமல் நிலைத்து வாழ்வதைக் காட்டினார். உறுப்பு மாற்று சிகிச்சைக்கு அடித்தளமான ஆராய்ச்சிகள் அதிலிருந்து கிளைத்தவை. மாட்டுக் கொட்டகையிலிருந்து அவ்வளவு தூரம்!

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியே பார்த்தால் சாதாரணக் கிடேரிதான். சிலவற்றுக்குப் பிறப்புறுப்பின் கீழ் நுனியில் முடிக்கொத்து நீளமாக இருக்கும். அதை மட்டும் நம்பக் கூடாது. கன்று ஒரு மாதத்துக்குள் இருக்கும்போதே மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் மழுங்கிய முனையுள்ள குழாயைப் பிறப்புறுப்பில் மெதுவாகச் செலுத்தினால், நல்ல கன்றில் சுமார் 12 முதல் 15 செ.மீ. வரை போகும்; ப்ரீமார்ட்டினில் 5 முதல் 8 செ.மீ.யிலேயே நின்றுவிடும். உறுதி செய்ய, ரத்தத்தில் ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு. நீங்களே குச்சி விட்டுப் பார்க்காதீர்கள், கிழிந்துவிடும்.

சந்தையில் கிடேரி வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒற்றையாகப் பிறந்ததிலும் இது அபூர்வமாக உண்டு. ஆண் கரு வயிற்றுக்குள்ளேயே அழிந்து, பெண் மட்டும் தங்கியிருக்கும். அதனால் வளர்ந்த கிடேரியென்றால் மருத்துவர் கை விட்டுப் பரிசோதித்த பிறகே பணம் கொடுங்கள்.

காளைக் கன்றுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. தாய்ப் பசுவும் மறுபடி சினை பிடிக்கும், அதை விற்க வேண்டியதில்லை. வெள்ளாட்டில் இரட்டைக் குட்டி சகஜம். அங்கே ரத்தக் குழாய்கள் இப்படிச் சேர்வது அரிது என்பதால், கிடாவோடு பிறந்த பெட்டையைத் தயங்காமல் வளர்க்கலாம்.