டிக்கெட் எடுக்கும் முன் நாள்களை எண்ணுங்கள்

கோலாலம்பூர் செந்தூலைச் சேர்ந்த ஓர் அம்மாவின் மகளுக்கு மெல்பர்னில் தலைப்பிரசவம். கைப்பேசியில் ஆஸ்திரேலிய இடிஏ (மின்னணுப் பயண அனுமதி) செயலியை இறக்கி, 20 ஆஸ்திரேலிய டாலர் கட்டி, அனுமதி கிடைத்ததும் டிக்கெட் எடுத்துவிட்டார். வளைகாப்புக்கே போய்ச் சேர்ந்தார். குழந்தை பிறக்க இன்னும் எட்டு வாரம் ஆனது. பத்தியம் முடிவதற்குள் மூன்று மாதம் நிறைந்துவிட, பச்சிளம் குழந்தையை மகள் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். அதன் பிறகுதான் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். "முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?" என்று கேட்டார். விசா ஆலோசகனான எனக்கு அந்தக் கேள்வி இன்றும் வலிக்கிறது.

மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு இடிஏ எளிதுதான். பன்னிரண்டு மாதத்துக்குள் எத்தனை முறையும் போய்வரலாம். ஆனால் ஒரு பயணத்துக்கு 3 மாதமே. அதை நீட்டிக்க வழியில்லை. "கோலாலம்பூர் வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போகலாமே?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு முறை நடக்கலாம். இதையே வழக்கமாக்கினால், வருகையாளர் என்ற பெயரில் அங்கேயே குடியிருக்கிறார் என்ற ஐயம் குடிநுழைவு அதிகாரிக்கு எழும். எழுபது வயதுப் பெற்றோரை விமான நிலையத்தில் அப்படி நிற்க வைக்காதீர்கள்.

பிரசவம், பேரப்பிள்ளை வளர்ப்பு, மருமகள் வேலைக்குத் திரும்புவது போன்ற காரணங்களுக்கு நான் முதலில் சொல்வது 600 என்ற வருகையாளர் விசா. 3, 6 அல்லது 12 மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கலாம். எத்தனை மாதம் வேண்டும், ஏன் வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதுங்கள். பிரசவ நாள் குறித்த மருத்துவர் கடிதம், மகளின் அழைப்புக் கடிதம், உங்கள் ஓய்வூதியம் அல்லது ஊழியர் சேமநிதிக் கணக்கு விவரம், வீட்டுப் பட்டா ஆகியவற்றை இணையுங்கள். இங்கே மற்றப் பிள்ளைகள் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். திரும்பி வருவீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் உண்டு; அதற்கு நாள் ஒதுக்குங்கள்.

விசா கிடைத்ததும் அனுமதிக் கடிதத்தில் 8503 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அங்கிருந்தபடி வேறு விசாவுக்கு விண்ணப்பிப்பது பெரும்பாலும் முடியாது. 8558 என்றிருந்தால், எந்த 18 மாதக் காலத்திலும் மொத்தம் 12 மாதத்துக்கு மேல் தங்கக் கூடாது. செந்தூல் அம்மாவின் இடிஏயில் 8503 தடை இல்லை. மூன்று மாதம் முடியும் முன் மெல்பர்னிலிருந்தே 600 விசாவுக்கு அவர் விண்ணப்பித்திருக்கலாம். அது தெரியாமலேயே திரும்பிவிட்டார்.

ஆண்டுக்கணக்கில் உடனிருக்க விரும்புவோருக்கு 2019இல் வந்த 870 என்ற தற்காலிகப் பெற்றோர் விசா இருக்கிறது. 3 அல்லது 5 ஆண்டு தங்கலாம். எல்லாம் சேர்த்து 10 ஆண்டுதான் உச்சவரம்பு. முதலில் பிள்ளை புரவலராக (ஸ்பான்சர்) ஒப்புதல் பெற வேண்டும். அவரது வரிக்குரிய வருமானம் 83,454 டாலருக்குக் குறையக் கூடாது. மனைவி அல்லது கணவரின் வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம். கட்டணம் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி: 3 ஆண்டுக்கு ஐயாயிரம் டாலரையும், 5 ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரையும் தாண்டும். வேலை செய்ய அனுமதியில்லை. இது நிரந்தர வசிப்புரிமைக்கு ஏணியும் அல்ல. பணம் கட்டிய பிறகு இது தெரிந்து கண்கலங்கிய தந்தையரைப் பார்த்திருக்கிறேன்.

மலேசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே மருத்துவ உடன்பாடு கிடையாது. வருகையாளருக்கு மெடிகேர் என்ற அங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடு இல்லை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் அவற்றையும் ஏற்கும் காப்புறுதி எடுக்காமல் கிளம்ப வேண்டாம். கடப்பிதழைப் புதுப்பித்தால் பழைய இடிஏ அதோடு போய்விடும். புதிதாக எடுக்க வேண்டும்.

கடைசியாக, பெட்டி. பிரசவ மருந்து, கருவாடு, மசாலைத்தூள் என்று எது கொண்டுபோனாலும் வருகை அட்டையில் எழுதிக்கொடுங்கள். காட்டிய பொருளை அதிகாரி எடுத்துக்கொண்டாலும் அதோடு முடிந்துவிடும். மறைத்தது பிடிபட்டால் அபராதம் விழும். விசாவையே ரத்து செய்யவும் அங்குள்ள சட்டம் இடம் தருகிறது.