வெளியிடாத ஒப்பந்தத்துக்கு உயிரில்லை: ஸ்லோவாக்கியாவின் ஒப்பந்த வெளியீட்டுச் சட்டமும் அதைக் கொண்டுவந்த அமைச்சரும்

ஸ்லோவாக்கியாவில் ஓர் அமைச்சகம் கணினி வாங்க ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரு தரப்பும் கையெழுத்துப் போட்டாயிற்று, முத்திரையும் குத்தியாயிற்று. அப்போதும் அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிடாது. ஒப்பந்தம் அரசின் இணையப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறிய நாளுக்கு மறுநாள்தான் அது செயல்படத் தொடங்கும். கையெழுத்தான மூன்று மாதத்துக்குள் ஏற்றாமல் விட்டால், அப்படியோர் ஒப்பந்தம் போடப்படவே இல்லை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். 2011 ஜனவரி 1 முதல் அங்கே இதுதான் விதி.

இந்த விதி வந்தபோது நீதி அமைச்சராக இருந்தவர் லூசியா ஜித்னியான்ஸ்கா. 1964-இல் பிராட்டிஸ்லாவாவில் பிறந்தவர். கொமேனியஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, அங்கேயே வணிகச் சட்டம் கற்பித்தவர். மூன்று முறை நீதி அமைச்சராக இருந்திருக்கிறார். அரசியலுக்கு வரும் முன் ஒப்பந்தங்களைப் பாடமாக நடத்தியவர் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். காரணம், இந்தச் சட்டத்தின் பலமெல்லாம் அது எங்கே கை வைக்கிறது என்பதில்தான் இருக்கிறது. "வெளியிடாத அதிகாரிக்கு அபராதம்" என்று எழுதியிருந்தால், அந்த அபராதத்தை விதிக்கத் துணியும் இன்னோர் அதிகாரியைத் தேட வேண்டியிருக்கும். இங்கே அப்படி யாரும் தேவையில்லை. வெளியிடாவிட்டால் சரக்கு கொடுத்தவருக்குப் பணம் கேட்கச் சட்டத் துணை இல்லை. ஆகவே ஒப்பந்தம் வெளிச்சத்துக்கு வர வேண்டும் என்ற அக்கறை, குடிமக்களைவிட ஒப்பந்தக்காரருக்கே அதிகம் வந்துவிடுகிறது.

இந்த நிலைக்கு அந்த நாடு ஏன் வந்தது?

2007-இல் கட்டுமான அமைச்சகம் ஒரு டெண்டர் விட்டது. ஐரோப்பிய ஒன்றிய நிதியிலிருந்து ஏறத்தாழ 12 கோடி யூரோ செலவாகப் போகும் வேலை அது. அதற்கான அறிவிப்பை அமைச்சகக் கட்டடத்துக்குள், வெளியாட்கள் வந்து பார்க்கும் வாய்ப்பில்லாத ஒரு நடைவழியின் பலகையில் ஒட்டினார்கள். வேலை யாருக்குப் போக வேண்டுமோ அவர்களுக்குப் போனது. 'அறிவிப்புப் பலகை டெண்டர்' என்ற பெயரில் நாடே பேசிய விவகாரம் இது. அமைச்சர் மரியான் யானுஷெக் 2009-இல் பதவி இழந்தார். அவருக்கும், அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்த இகோர் ஷ்டெஃபானோவுக்கும் பல ஆண்டுகள் கழித்துச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அதே காலத்தில் சுற்றுச்சூழல் அமைச்சகம், நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட கரியமில வாயு உமிழ்வு உரிமையில் ஒன்றரைக் கோடி டன்னை 'இன்டர்புளூ' என்ற நிறுவனத்துக்கு டன் 5.05 யூரோ வீதம் விற்றது. மற்ற நாடுகளுக்குக் கிடைத்த விலையைவிட மிகவும் குறைவு. வாங்கிய நிறுவனத்தின் முகவரியைத் தேடிப் போனால் அமெரிக்காவில் ஒரு கார் கொட்டகை வந்து நின்றது. ஒப்பந்தத்தை அன்றே எல்லோரும் படிக்க முடிந்திருந்தால் இதில் எவ்வளவு நடந்திருக்கும்?

இத்தனைக்கும் ஸ்லோவாக்கியாவில் தகவல் பெறும் உரிமைச் சட்டம் அப்போதே இருந்தது. 2000-இல் நிறைவேறி 2001-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதில் குடிமகன்தான் கேட்க வேண்டும். எதைக் கேட்பது என்று தெரிந்திருக்கவும் வேண்டும். மறைத்து வைத்த ஒப்பந்தத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர் எப்படி மனுப் போடுவார்? 2010-இல் இவேதா ராதிச்சோவா, அந்நாட்டின் முதல் பெண் பிரதமராகப் பொறுப்பேற்றார். அவரது அமைச்சரவையில் ஜித்னியான்ஸ்கா இரண்டாம் முறையாக நீதி அமைச்சரானார். ஆறே மாதத்துக்குள் உரிமையியல் சட்டமும் தகவல் சட்டமும் திருத்தப்பட்டன. கேட்டால் கொடுப்பது என்றிருந்ததை, கேட்காமலே போட்டாக வேண்டும் என்று மாற்றினார்கள்.

எது பதிவேட்டில் ஏற வேண்டும்?

பொதுப் பணமோ பொதுச் சொத்தோ சம்பந்தப்பட்ட, எழுத்தில் போடப்பட்ட ஒப்பந்தங்கள். ஒரு தரப்பு அமைச்சகமாக, அரசு அமைப்பாக, நகராட்சியாக, ஊராட்சியாக இருக்கலாம். அவை நடத்தும் நிறுவனமாகவும் இருக்கலாம். அரசின் ஒப்பந்தங்கள் பிரதமர் அலுவலகம் நடத்தும் மத்திய ஒப்பந்தப் பதிவேட்டில் ஏறுகின்றன. உள்ளாட்சிகள் முதலில் தத்தம் இணையதளங்களில் போட்டுவந்தன. ஆயிரக்கணக்கான சிறு ஊர்கள் ஆளுக்கொரு பக்கத்தில் ஆளுக்கொரு விதமாகப் போட்டால் யார் தேடிக் கண்டுபிடிப்பது? 2022 முதல் அவையும் மத்தியப் பதிவேட்டுக்கே வந்துவிட்டன. ஒப்பந்தம் மட்டுமல்ல, கொள்முதல் ஆணைகளும் பில்களும் வெளிவர வேண்டும். ஒரு முறை ஏறிய ஒப்பந்தம், அதன் கடப்பாடு தீரும் வரையிலும், எப்படியும் ஐந்து ஆண்டுக்குக் குறையாமலும் அங்கேயே இருக்க வேண்டும்.

விலக்குகளும் உண்டு. வேலை நியமன ஒப்பந்தங்களை வெளியிட வேண்டியதில்லை. தொழில்நுட்ப வரைபடங்கள், கட்டுமானத் திட்ட ஆவணங்கள், ஓர் அலகின் விலையைக் கணக்கிட்ட முறை ஆகியவற்றை விட்டுவிடலாம். வெள்ளம் போன்ற பேரிடரில் உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து என்றால், அதற்காகப் போடும் ஒப்பந்தம் வெளியிடும் முன்பே செயல்படும். அணை உடையும்போது இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, நியாயம்தான். ஆனால் ஒரு விலக்கு எனக்கு உறுத்துகிறது. அரசு நிறுவனங்கள் தங்கள் வழக்கமான வணிகப் போக்கில் போடும் ஒப்பந்தங்களை வெளியிட வேண்டாம் என்பது அது. எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறானது என்று தீர்மானிப்பதும் முதலில் அந்த நிறுவனமே.

ஒப்பந்தக்காரருக்கு ஒரு பாதுகாப்பும் வைத்திருக்கிறார்கள். அரசு அலுவலகம் சோம்பலாலோ வேண்டுமென்றோ பதிவேற்றாமல் இழுத்தடித்தால், ஏழு நாள் பார்த்துவிட்டு ஒப்பந்தக்காரரே அரசின் வணிக இதழில் அதை வெளியிடக் கோரலாம். இந்த வழி இல்லாமல் போயிருந்தால், மூன்று மாத விதியே நேர்மையான சிறு வியாபாரியை மிரட்டும் ஆயுதமாகியிருக்கும். ஒப்பந்தம் செயலுக்கு வராமலே வேலையும் முடிந்து பணமும் கைமாறியிருந்தால், அது அடிப்படை இல்லாமல் கொடுத்த பணம். திருப்பிக் கேட்க இடமுண்டு.

பியெஷ்தானி மருத்துவமனை

வெளியிட்டுவிட்டால் ஊழல் நின்றுவிடுமா என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரின் கதையைச் சொல்ல வேண்டும். 2014-இல் பியெஷ்தானி மருத்துவமனை சிடி ஸ்கேன் கருவி ஒன்றை ஏறத்தாழ 16 லட்சம் யூரோவுக்கு வாங்கியது. பக்கத்து நாடான செக் குடியரசில் அதைப் போன்ற கருவியின் விலையோடு ஒப்பிட்டபோது, ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்திருப்பது தெரிந்தது. கொதித்துப்போனது நாடு. அந்த நவம்பரில் சுகாதார அமைச்சர் ஜுஸானா ஸ்வோலென்ஸ்கா பதவி விலகினார். நாடாளுமன்றத் தலைவர் பாவோல் பாஷ்காவும் விலகினார். மருத்துவமனை அந்த ஒப்பந்தத்திலிருந்து பின்வாங்கியது.

விலை தெரிந்தது. லாபம் யாருடைய பைக்குப் போகவிருந்தது? அது ஒப்பந்தத்தில் இல்லை. கையெழுத்திட்ட நிறுவனத்தின் பெயர் இருக்கும். அதன் பின்னால் சைப்ரஸிலோ வேறெங்கோ பதிவான இன்னொரு நிறுவனம், அதன் பின்னால் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கும். ஒப்பந்த வெளியீட்டுச் சட்டம் எட்டாத இடம் இது. 2015-இல் உரிமையாளர் பதிவு ஒன்று கொண்டுவரப்பட்டது. ஆனால் நிறுவனம் தானே எழுதிக் கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளும் பதிவு அது.

இரண்டாவது பதிவேடு

2016 மார்ச்சில் ஜித்னியான்ஸ்கா மூன்றாம் முறையாக நீதி அமைச்சரானார். இம்முறை மோஸ்ட்-ஹீத் கட்சியின் சார்பில், ராபர்ட் ஃபிட்சோ பிரதமராக இருந்த கூட்டணி அரசில். யாருடைய ஆட்சியை எதிர்த்து இத்தனை ஆண்டு அரசியல் செய்தாரோ, அவரோடே சேர்ந்து அமர்ந்தார். அவருக்கு வாக்களித்த பலர் இதை மன்னிக்கவில்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், பொதுத்துறைக் கூட்டாளிகள் பதிவேட்டுச் சட்டம் அந்த அரசில்தான் நிறைவேறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2017 பிப்ரவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

அரசிடமிருந்து ஒரே தவணையில் 1 லட்சம் யூரோவுக்கு மேலோ, தொடர் வேலைகளுக்காக ஓராண்டில் 2.5 லட்சம் யூரோவுக்கு மேலோ பெறும் எந்த நிறுவனமும் தன் உண்மையான பயனாளிகளை, அதாவது ரத்தமும் சதையுமான மனிதர்களை, பெயரோடு பதிய வேண்டும். 25 சதவீதப் பங்கோ வாக்குரிமையோ லாபமோ ஒருவருக்குப் போகிறதென்றால் அவர் பயனாளி. நிறுவனம் நேரடியாகப் பதிய முடியாது. வழக்கறிஞர், நோட்டரி, தணிக்கையாளர், வரி ஆலோசகர், வங்கி ஆகியோரில் ஒருவர் உரிமையாளர் சங்கிலியை ஆராய்ந்து, 'இன்னாரே பயனாளி, இன்ன காரணத்தால்' என்று ஆவணம் எழுதித் தர வேண்டும். அந்த ஆவணமும் பொதுவெளியில் இருக்கும். தகவல் பொய் என்றால் நிறுவனம் பெற்ற ஆதாயம் முழுவதும் அபராதம். ஆதாயத்தைக் கணக்கிட முடியாவிட்டால் 10,000 யூரோ முதல் 10 லட்சம் யூரோ வரை. இயக்குநர்களுக்குத் தனி அபராதம் உண்டு. அக்கறையில்லாமல் கையெழுத்திட்ட வழக்கறிஞர் அந்த அபராதத்துக்குப் பொறுப்பேற்க நேரும்.

இந்தப் பதிவேட்டின் வலிமை எல்லை தாண்டியும் தெரிந்தது. 2018-இல் செக் பிரதமராக இருந்த ஆந்த்ரே பாபிஷ், தன் அக்ரோஃபெர்ட் குழுமத்தை 2017-இல் இரண்டு அறக்கட்டளை நிதியங்களுக்கு மாற்றிவிட்டதாகவும், இனி தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் சொல்லிவந்தார். அக்ரோஃபெர்ட்டின் நிறுவனங்கள் ஸ்லோவாக்கியாவிலும் அரசுப் பணம் பெறுபவை. ஆகவே அங்கே பதிந்தாக வேண்டியிருந்தது. அந்தப் பதிவில் இறுதிப் பயனாளிகளில் ஒருவராக பாபிஷின் பெயரே இருந்தது. ஊழலைக் கண்காணிக்கும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் செக் கிளை 2018-இல் அதைத்தான் எடுத்துக் காட்டியது. சொந்த நாட்டில் கிடைக்காத ஆதாரம், பக்கத்து நாட்டின் பதிவேட்டில் எவர் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தது.

அமைச்சராக ஜித்னியான்ஸ்கா செய்த வேறு சிலவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் முறை பதவியில் இருந்தபோது நீதிமன்றத் தீர்ப்புகளை இணையத்தில் வெளியிடும் கடமையைச் சட்டமாக்கினார். உச்ச நீதிமன்றத் தலைவராக இருந்த ஷ்டெஃபான் ஹராபினோடு அவருக்கு நெடிய மோதல் இருந்தது. நீதிமன்றக் கணக்கைத் தணிக்கை செய்ய நிதி அமைச்சகத்தை விடமாட்டேன் என்று நின்றவர் ஹராபின். 1995-இல் அன்றைய குடியரசுத் தலைவரின் மகன் கடத்தப்பட்ட வழக்கில் அப்போதைய பிரதமர் விளாதிமீர் மெச்சியார் 1998-இல் வழங்கிய பொதுமன்னிப்பை நாடாளுமன்றம் 2017-இல் ரத்து செய்தபோதும் ஜித்னியான்ஸ்காதான் நீதி அமைச்சர். 2018 பிப்ரவரியில் பத்திரிகையாளர் யான் குட்சியாக்கும் அவர் மணக்கவிருந்த மார்ட்டினா குஷ்னீரோவாவும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மக்கள் தெருவுக்கு வந்தார்கள், ஃபிட்சோ பதவி விலகினார். மார்ச்சில் அமைந்த புதிய அமைச்சரவையில் ஜித்னியான்ஸ்கா இல்லை. குட்சியாக் இப்படிப்பட்ட பொதுப் பதிவேடுகளைத் தோண்டித்தான் செய்தி எழுதிவந்தார். பதிவேடு உண்மையைக் காட்டும். அதைப் படிப்பவரின் உயிரைக் காப்பது அரசின் வேலை. அதில் அந்த அரசு தோற்றது.

ஓட்டைகள்

ஸ்கேன் செய்த ஒப்பந்தங்கள் சில எழுத்துத் தெரியாமல் மங்கிக் கிடக்கும். விலைப் பட்டியல் இருக்கும் பின்னிணைப்பு மட்டும் காணாமல் போயிருக்கும். வணிக ரகசியம் என்று கறுப்பு மை பூசியிருப்பார்கள். எல்லாவற்றையும் உட்கார்ந்து சரிபார்க்கும் அலுவலகம் எதுவும் கிடையாது. பத்திரிகையாளர், போட்டி நிறுவனம், எதிர்க்கட்சி, ஆர்வமுள்ள குடிமகன் என யாராவது பார்த்தால்தான் உண்டு. அந்தப் பார்வை இருந்துகொண்டே இருக்கும் என்ற அச்சமே இந்தச் சட்டத்தின் காவல்.

நீங்கள் பார்க்க விரும்பினால்

மத்தியப் பதிவேட்டைத் திறக்க நீங்கள் ஸ்லோவாக்கியக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கத் தேவையில்லை, ஏன் பார்க்கிறீர்கள் என்று எவரும் கேட்க மாட்டார்கள். வாங்கும் அலுவலகத்தின் பெயர், விற்கும் நிறுவனத்தின் பெயர் அல்லது அதன் எட்டு இலக்கப் பதிவெண், தேதி, தொகை என எதை வைத்தும் தேடலாம். கிடைத்த நிறுவனத்தின் பதிவெண்ணை எடுத்துக்கொண்டு பொதுத்துறைக் கூட்டாளிகள் பதிவேட்டுக்குப் போனால், அதன் பயனாளிகள் யார், யார் அதைச் சரிபார்த்தார் என்பது வரும். பெயரில் சந்தேகம் இருந்தால், அதற்கான காரணங்களைக் குறிப்பிட்டு, நாடு முழுவதற்கும் இந்தப் பதிவேட்டைக் கவனிக்கும் ஜிலினா மாவட்ட நீதிமன்றத்துக்கு எவர் வேண்டுமானாலும் புகார் அனுப்பலாம். நீதிமன்றம் புகாரை எடுத்துக்கொண்டால், தாங்கள் எழுதியது உண்மை என்று நிரூபிக்க வேண்டியது அந்த நிறுவனம். புகார் அனுப்பியவர் அல்ல.