நிப்பிளில் தொடங்குங்கள்: பிரிட்டிஷ் குதிரைப்படையின் கேப் பிஸ்டல் இயங்கும் விதம்

1834-ல் லண்டனை ஒட்டிய வுல்விச்சில் பிரிட்டிஷ் ராணுவம் ஒரு சோதனை நடத்தியது. சக்கிமுக்கித் துப்பாக்கிகளையும், கேப் என்ற சிறு வெடிதொப்பி வைத்துச் சுடும் துப்பாக்கிகளையும் தலா 6,000 முறை சுட்டுப் பார்த்தார்கள். சக்கிமுக்கி வகை 922 முறை வெடிக்காமல் போனது. கேப் வகை 36 முறைதான். ராணுவம் கேப்புக்கு மாற இந்தக் கணக்கே போதுமானதாக இருந்தது.

குதிரைவீரனுக்கு இந்த மாற்றம் இன்னும் பெரிது. சக்கிமுக்கிப் பிஸ்டலில் பற்றவைக்கும் மருந்து குழலுக்கு வெளியே ஒரு சிறு கிண்ணத்தில் கிடக்கும். குதிரையின் குலுக்கலில் அது சிந்தும், மழையில் நமத்துப்போகும். பாதரச ஃபல்மினேட் தயாரிப்பை 1800-ல் எட்வர்ட் ஹோவர்ட் வெளியிட்டார். அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கியில் பயன்படுத்தும் முறைக்கு 1807-ல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் காப்புரிமை வாங்கினார். அந்த மருந்தைச் சிறு செம்புத் தொப்பிக்குள் அடைக்கும் வழி அதற்குப் பிறகு வந்தது. அதுதான் கேப்.

சேகரிப்போர் கைக்கு அதிகம் வருபவை இரண்டு வகை. ஒன்று, 1856 மாதிரி: 10 அங்குலக் குழல், 0.577 அங்குல விட்டம், குண்டு சுழன்று நேராகப் போக உள்ளே சுருள்வரி வெட்டியது. மற்றொன்று, இந்தியப் படைகளுக்கென்று செய்தது: 8 அங்குலக் குழல், 0.65 அங்குல விட்டம், பெரும்பாலும் வரியில்லாத வழவழப்பான உட்புறம், கைப்பிடியின் அடியில் கயிறு கட்ட ஒரு வளையம். 1857 எழுச்சிக்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்குத் துல்லியம் குறைந்த ஆயுதங்களையே தருவதென்று பிரிட்டிஷார் முடிவெடுத்தனர். வரியில்லாத குழலைக் கையில் எடுக்கும்போது அந்த அரசியலையும் சேர்த்தே எடுக்கிறோம்.

இரண்டிலும் மருந்தை இறுக்கும் கம்பி குழலின் வாயருகே கீல் இணைப்பில் தொங்குகிறது. உருவி, திருப்பி, குழலுக்குள் விட்டு இடித்தாலும் கையைவிட்டுப் போகாது. குதிரைமேல் இருப்பவன் கம்பியைத் தவறவிட்டால் இறங்கி எடுக்க நேரமிருக்காது.

வலப்பக்கத் தகட்டின் உட்புறம்தான் பூட்டு, அதாவது சுத்தியலை இயக்கும் பொறி. வி வடிவ மெயின் ஸ்பிரிங் ஒன்று டம்ப்ளர் என்ற உருளைத் துண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். டம்ப்ளரின் அச்சு தகட்டைத் துளைத்து வெளியே வந்து சுத்தியலைத் தாங்குகிறது. டம்ப்ளரில் இரண்டு வெட்டுகள். சுத்தியலைப் பாதி மட்டும் பின்னிழுத்து நிறுத்தும் பாதி இழுப்புக்கான வெட்டு ஆழமானது, உள்நோக்கிச் சரிந்தது. அதில் சியர் என்ற நெம்புகோலின் மூக்கு மாட்டிக்கொண்டால் விசையை அழுத்தினாலும் வெளியே வராது. முழு இழுப்புக்கான வெட்டு மேலோட்டமானது. விசை சியரின் வாலை லேசாகத் தூக்கினாலே மூக்கு நழுவி, சுத்தியல் விழுந்துவிடும்.

விழும் இடம் நிப்பிள். குழலின் பின்முனையோரம் புடைத்து நிற்கும் உலோகக் கட்டியில் மரை வைத்து முறுக்கிய, நடுவே துளையுள்ள எஃகுக் கூம்பு அது. கேப் அதன்மேல் உட்காரும். ராணுவக் கேப்பின் விளிம்பு நான்கு இதழாக விரிந்திருக்கும். கையுறை போட்ட விரலாலும் பிடிக்கலாம். சுத்தியல் அடித்ததும் கேப்பின் மருந்து நிப்பிள் முகத்துக்கும் செம்புக்கும் நடுவே நசுங்கி வெடிக்கிறது. தீ துளைவழியே இறங்கி, கட்டிக்குள் திரும்பி, குழலின் அடியில் இருக்கும் கருமருந்தைத் தொடுகிறது. சுத்தியலின் முகத்தைக் குழித்துச் செய்திருப்பது அழகுக்காக அல்ல. பிளந்து தெறிக்கும் செம்புச் சில்லுகள் கண்ணுக்கு வராமல் அந்தக் குழி மூடிக்கொள்கிறது.

இந்தப் பயணத்தில் எங்கே தடை வந்தாலும் அடையாளம் தெரியும். வெறும் நிப்பிளில் சுத்தியலை விட்டுவிட்டு அடித்தால் நிப்பிளின் விளிம்பு ஆணித்தலைபோல் விரிந்துவிடும். பிறகு கேப் முழுதாக இறங்காது. முதல் அடி அதைக் கீழே தள்ளுவதிலேயே தீர்ந்துபோகும், இரண்டாம் அடியில்தான் வெடிக்கும். துளையில் பழைய கரியோ எண்ணெயோ அடைத்திருந்தால் கேப் மட்டும் வெடிக்கும், அல்லது குழலில் உள்ள மருந்து தாமதித்து வெடிக்கும். பின்னது ஆபத்தானது. பலகாலம் சுட்ட பிஸ்டலில் சூடான வாயு துளையை அரித்து அகலமாக்கிவிடும். அழுத்தம் அதன்வழியே திரும்பி வந்து சுத்தியலையே பின்னுக்குத் தள்ளும்.

ஆகவே இந்தப் பிஸ்டலை மதிப்பிடும்போது முதலில் நிப்பிளையும் அதைச் சுற்றிய உலோகத்தையும் பாருங்கள். வேலைப்பாட்டையும் முத்திரையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கேப் மருந்தில் ஃபல்மினேட்டோடு பொட்டாசியம் குளோரேட்டும் கலந்திருக்கும். வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாக, அதாவது ஓர் உப்பாக, அங்கேயே படிகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும், இரும்பை அரிக்கும். உண்மையிலேயே பயன்பட்ட பிஸ்டலில் நிப்பிளைச் சுற்றி அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருக்கும். குழல்வாய் நோக்கிப் போகப்போக அவை குறையும். குழல் முழுக்க ஒரே சீராகக் குழி விழுந்து, நிப்பிளருகே மட்டும் வழவழப்பாக இருந்தால், யாரோ அமிலத்தில் பழசாக்கியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்தபடி மெல்ல இறக்குங்கள். குழி நிப்பிளின் நேர்மேலே வந்து உட்காராமல் ஒரு பக்கம் சரிந்தால், சுத்தியலோ நிப்பிளோ பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பு, குழலில் மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கருமருந்து காய்ந்த நிலையில் நூறாண்டு கடந்தும் வெடிக்கும். நிப்பிளில் கேப் இருந்தால் எதையும் தொடாமல் ஆயுதம் அறிந்தவரிடம் போங்கள். நெம்பி எடுக்க முயல வேண்டாம். கேப் இல்லையென்றால், முகத்தையும் கையையும் குழல்வாய்க்கு நேரே கொண்டுவராமல், ஒரு மரக்குச்சியை அடிவரை மெல்ல விட்டு, வாயருகே அதில் கோடு போடுங்கள். குச்சியை வெளியே எடுத்து, கோடு குழல்வாயில் இருக்கும்படி குழலின் மேல் நீளவாக்கில் வையுங்கள். முனை நிப்பிளின் அடிப்பகுதிவரை வந்தால் குழல் காலி. இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னதாகவே நின்றால் உள்ளே குண்டும் மருந்தும் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். சூடாக்கவோ துளையிடவோ கூடாது.

முத்திரைகளுக்கு வருவோம். தகட்டின் பின்பகுதியில் கிரீடமும் அதன்கீழ் விக்டோரியா ராணியின் வி.ஆர். எழுத்துகளும் இருக்கும், முன்பகுதியில் டவர் அல்லது என்ஃபீல்டு என்ற ஆயுதசாலைப் பெயரும் ஆண்டும். விக்டோரியா அரியணை ஏறியது 1837-ல். வி.ஆர். எழுத்தோடு அதற்கு முந்தைய ஆண்டு இருந்தால் அது போலி. அம்புக்குறியோடு பி.ஓ. என்றிருந்தால் ராணுவத்துக்கு ஆயுதம் வழங்கி 1855-ல் கலைக்கப்பட்ட ஆர்ட்னன்ஸ் வாரியத்தின் காலம், டபிள்யூ.டி. (போர்த் துறை) என்றால் அதற்குப் பிந்தையது. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், ராணுவம் கழித்துவிட்ட பொருள். கைபர் கணவாய்ப் பகுதிப் பட்டறைகளிலிருந்தும் நகல்கள் ஏராளமாக வந்திருக்கின்றன. அவற்றில் எழுத்துகள் கோணலாகவும், சில தலைகீழாகவும் இருக்கும்.

பூட்டைக் கழற்றுவதானால் சுத்தியலைப் பாதி இழுப்பில் நிறுத்துங்கள். எதிர்ப்பக்கத்து இரண்டு திருகுகளையும் சில சுற்று மட்டும் தளர்த்தி, அவற்றின் தலையில் மரத்துண்டால் மெதுவாகத் தட்டினால் தகடு தானே எழும்பும். தகட்டை நெம்பினால் மரத்தின் விளிம்பு பெயரும், மதிப்பு பாதியாகும். திருப்புளியின் நுனி திருகின் பிளவை இறுக்கமாக நிரப்ப வேண்டும். மெயின் ஸ்பிரிங்கை அதற்குரிய இடுக்கி இல்லாமல் கழற்ற வேண்டாம்.

கருமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் திடக்கழிவாகவே மிஞ்சும். அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. உட்புறத்தில் பழைய கரி இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். செந்துரு வளரும், அதை எண்ணெய் தோய்த்த மிக நுண்ணிய எஃகுக் கம்பளியால் எடுக்கலாம். பழுப்பேறிய பழைய படலத்தைத் தொடாதீர்கள். மரத்தை உப்புத்தாளால் தேய்த்தால் ஆய்வாளரின் முத்திரையும் சேர்ந்து போய்விடும். மெழுகு பூசுவது போதும். பழைய தோலுறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தையும் அமிலத்தையும் பிடித்து வைத்திருக்கும். சென்னைபோலக் கடற்காற்று அடிக்கும் ஊரில் இதன் விளைவு சீக்கிரமே தெரிந்துவிடும்.

இந்தியாவில், பழையது என்பதால் மட்டும் உரிமம் தேவையில்லை என்று எண்ண வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாத தொன்மைத் துப்பாக்கிகளுக்கே. நல்ல நிலையில் உள்ள கேப் பிஸ்டலில் பூட்டு இன்றும் வேலை செய்யும், நிப்பிளையும் மாற்றிவிடலாம். எனவே வாங்குமுன் மாவட்ட உரிம அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த இத்தகைய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.