வியர்வை தெரியாத வெயில்

புதுச்சேரியில் பொது மருத்துவராக இருக்கிறேன். இங்கே பல வீடுகளில் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். கோடையில் அங்கே கிளம்புவதற்கு முன் ரத்த அழுத்தம் பார்க்க வரும் பெற்றோர் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் கேட்பார்கள். வெயில் என்று நான் ஆரம்பித்தால், "நாம் பார்க்காத வெயிலா டாக்டர்?" என்பார்கள்.

அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வயது 64. ஜூலையில் மகளுடன் தெற்கு பிரான்சின் மார்செய் நகரத்துக்குச் சென்றார். கி.மு. 600 வாக்கில் கிரேக்கர்கள் உருவாக்கிய துறைமுகம் அது. அங்கிருந்து காஸ்ஸி என்ற ஊர் வரை வெண்சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாகக் கடலில் இறங்குகின்றன. பாறைகளுக்கு நடுவே உள்ள குறுகிய குடாக்களைக் 'கலாங்க்' என்கிறார்கள். இவர்கள் போனது சுஜிதோன் குடாவுக்கு. இருவருக்கும் சேர்த்து ஒரு லிட்டர் தண்ணீர். மதியம் இரண்டு மணிக்குத் திரும்பி ஏறும்போது பாதி வழியில் தலை சுற்றி, வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் நிழலில் படுக்கவைத்துத் தங்கள் தண்ணீரைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் என்னிடம் சொன்னார்: "எனக்கு வியர்க்கவே இல்லை டாக்டர். அதனால்தான் வெயில் தெரியவில்லை."

வியர்த்திருக்கிறது. நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழிந்து சட்டையை நனைத்து நம்மை எச்சரித்துவிடும். அங்கே கோடைக் காற்று வறண்டது. வடக்கிலிருந்து மிஸ்ட்ரல் என்ற வறண்ட காற்று வீசும் நாளில் வியர்வை அரும்பும்போதே உலர்ந்துவிடும். உடம்பு இதமாக இருப்பதுபோலத் தோன்றும். நீர் போய்க்கொண்டே இருக்கும். அன்று முழங்கையில் வெள்ளையாக உப்பு படிந்திருந்ததைப் பிறகுதான் நினைவுகூர்ந்தார். போதாததற்கு, அவர் சாப்பிட்டுவந்த ரத்த அழுத்த மாத்திரை சிறுநீரைக் கூட்டுவது. எழுதிக்கொடுத்தவன் நான். எங்கே போகிறீர்கள், எவ்வளவு நடப்பீர்கள் என்று அன்று நான் கேட்கவில்லை. இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன்.

நம் ஊரில் மலை என்றால் காலையில் ஏறுவோம், களைத்தபின் இறங்குவோம். கலாங்கில் இது தலைகீழ். காலையில் சிரமமில்லாமல் இறங்கிவிடலாம்; ஏற்றம் காத்திருப்பது உச்சி வெயிலில். வழியில் குடிநீர்க் குழாய் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டராவது சுமந்து செல்லுங்கள், பதினொரு மணிக்குள் மேலே வந்துவிடுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ தலைவலி தொடங்கினாலோ அங்கேயே நிழலில் நின்றுவிட வேண்டும். பேச்சு குழறினால், ஆள் குழம்பினால் அது வெப்பத்தாக்கு. உடனே அவசர உதவி எண்ணான 112-ஐ அழைத்து, உடம்பை நனைத்து விசிறுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கிளம்புமுன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, காட்டுத்தீ அபாயம் மிகுந்த நாட்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். சுஜிதோனுக்குக் கோடையில் முன்பதிவு வேண்டும். நாளுக்கு 400 பேர், கட்டணமில்லை.

மதிய நேரத்தை மார்செய் வரலாற்று அருங்காட்சியகத்தில் கழியுங்கள் என்பேன். அங்கே ஒரு நங்கூரம் இருக்கிறது. 1720 மே 25-இல் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையிலிருந்து வந்த கிராண்ட் சேன்ட் அந்த்வான் கப்பலுடையது. பயணத்திலேயே ஆட்கள் இறந்திருந்தார்கள். ஆனாலும் துணிச் சரக்குக்காகத் தனிமைப்படுத்தும் விதி தளர்த்தப்பட்டது. கொள்ளைநோய் ஊருக்குள் நுழைந்து, நகரத்தில் ஏறக்குறைய பாதிப்பேரைக் கொன்றது. மருத்துவனாக அந்த இரும்பின் முன்னால் நெடுநேரம் நின்றிருந்தேன்.

ஆசிரியை இந்த ஜூனில் மறுபடியும் போகிறார். இந்த முறை நடை இல்லை. பழைய துறைமுகத்திலிருந்து படகில் கலாங்குகளைப் பார்க்கப்போகிறார். அந்தக் கப்பலைக் கொண்டுபோய் எரித்த ழார் தீவு அந்தக் கரைக்கு எதிரேதான் இருக்கிறது என்று சொன்னேன். பெயரை மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்.